ஒரு நாள் சாமிக்கு, மிச்ச 364 நாள் டிப்பருக்கா?

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

போன வாரம் சாலவாக்கத்தில் ஒரு டீக்கடையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் கும்பிட்டான். பையன் என்ன பையன், அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜல்லி ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறான். பேச்சுவாக்கில் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். "பழையசீவரம் மலையில் ஆரம்பித்து, பாலாற்றைத் தாண்டி, திருமுக்கூடல், அரும்புலியூர், சாலவாக்கம், எடமச்சி என்று காட்டோரமாகவே சுற்றி, மறுபடி ஆற்றங்கரைக்கே வந்து சேருகிற மாதிரி ஒரு நடைவழியை நாம் மீட்கணும்ப்பா. ஊருக்கு ஊர் பழைய பாதை இருக்கு. சேர்த்துக் கட்டினால் போதும்."

அவன் சிரித்தான். "யாரு சார் இந்தக் காலத்துல நடப்பாங்க?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "எங்க வண்டி வர்ற ரோட்டுல என் புள்ளைங்களையே நான் நடக்க விடமாட்டேன் சார்."

முதலில் கேட்ட கேள்விக்கு இரண்டாவதாக அவனே பதில் சொல்லிவிட்டான். யாரும் நடக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. நடக்க வழி இல்லை. இருந்த வழியை நாமே தொலைத்தோம். அதைத்தான் இந்தப் பதிவில் பேசப்போகிறேன்.

நான் சொல்லும் நடைவழி என் கற்பனை இல்லை. மாட்டுப் பொங்கலன்று நடக்கும் பார்வேட்டை உற்சவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் புறப்பட்டு, வழியில் ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, வாலாஜாபாத் தாண்டி பழையசீவரம் வருகிறார். சீர்பாதம் தாங்கிகள் அவரைத் தோளிலேயே மலை மேல் தூக்கிப் போகிறார்கள். இறங்கி வந்து, அவ்வூர் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேருகிறார். சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாள் ஆகியோரும் அங்கே வந்துவிடுகிறார்கள். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு சேர்த்து ஐந்து பெருமாள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் ஐந்து ஊர்ச் சாமியும் கூடுகின்றன.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இந்தத் திருவிழாவின் அர்த்தம் எனக்குப் புரிகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கும் ஊருக்கும் இடையில் உள்ள வழி திறந்திருக்கிறதா என்று சாமியே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடு இது. சாமி வருகிறது என்றால் முள்ளை வெட்டுவார்கள், பள்ளத்தை மூடுவார்கள், வேலியைப் பிரிப்பார்கள். பாலம் வருவதற்கு முன்னால் ஆற்று மணலில் இறங்கித்தான் எல்லாரும் கடந்தார்கள். ஒரு நாள் சாமி போன வழியில் மிச்ச நாளெல்லாம் மாடு போகும், சந்தைக்குக் கூடை போகும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

இப்போது அந்த ஒரு நாள் மட்டும் மிச்சம். மற்ற 364 நாளும் டிப்பர் ராஜ்ஜியம்.

திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைப் பற்றி மேடை கிடைத்தால் எல்லாரும் பேசுகிறோம். வீரராஜேந்திர சோழன் காலம், 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, வேதம் படிக்கும் மாணவர்களுக்குப் பள்ளி, விடுதி. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், செவிலியர் இருவர் என்று சம்பளத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் இன்னும் இரண்டு பேர் உண்டு. மருந்துக்கு வேண்டிய மூலிகையும் விறகும் கொண்டுவருகிறவர்கள். அவர்களை நாம் மேடையில் சொல்வதில்லை. அந்த இரண்டு பேரும் மூலிகைக்கு எங்கே போயிருப்பார்கள்? இந்தக் குன்றுகளுக்கும் காட்டுக்கும்தான். அவர்களுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இருந்திருக்க வேண்டும். மருத்துவமனையைப் பற்றிப் பெருமை பேசுகிற நாம், அந்த மருத்துவமனைக்கு மருந்து வந்த காட்டை ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காடு என்ன அவ்வளவு பெரிய காடா என்று கேட்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இல்லைதான். நம் கரையோரச் சமவெளிக்கே உரிய புதர்க்காடு. களா, காரை, சூரை, நுணா, வெப்பாலை, உசிலை, ஆவாரை. கோடையிலும் முழுக்கப் பட்டுப்போகாமல் பச்சை காட்டும் காடு. முயல் உண்டு, மயில் உண்டு. வேலையில் இருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தக் காட்டோரம் நடந்திருக்கிறேன். களாப்பழம் பறித்துத் தின்று வாயெல்லாம் கறையோடு திரும்புவார்கள். இலையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லப் பழகினார்கள். கடைசி சில வருடங்களில் அதை நிறுத்தினேன். போகும் வழியில் டிப்பர்கள். முப்பது பிள்ளைகளை வரிசையாக ரோட்டோரம் நடத்திப் போகும் தைரியம் எனக்கு இல்லை. அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

பாதை எப்படிக் காணாமல் போனது? நான்கு விதமாக.

ஒன்று, கல் குவாரி. மலையில் ஒரு பக்கம் குடைந்தால் அதன்மேல் போன வழியும் சேர்ந்து போய்விடுகிறது. இரண்டு, பக்கத்து நிலக்காரர் வருடத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவது. வண்டிப்பாதை ஒற்றையடிப் பாதை ஆகும், ஒற்றையடிப் பாதை வரப்பு ஆகும், கடைசியில் வரப்பும் இருக்காது. மூன்று, மனை போடுகிறவர்கள். சுற்றிலும் கம்பி வேலி, முன்னால் ஒரு ஆர்ச், பாதை உள்ளே மாட்டிக்கொள்ளும். நான்காவது நாம். ஆளுக்கொரு பைக் வந்ததும் பாதையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீமைக்கருவேலம் வந்து மூடியபோது "நமக்கென்ன" என்று இருந்தோம்.

இதைப் பற்றி விசாரிக்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பாதை இப்ப நடைமுறையில இல்ல சார், விட்டுடுங்க" என்றார். நடைமுறையில் இல்லை! ஒருவர் வேலி போட்டதால் நான் நடக்க முடியவில்லை. நான் நடக்காததால் அது பாதை இல்லையாம். பரீட்சைக்கு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஆப்சென்ட் போடுவது போல இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1905-இல் வந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆம், பாதையும்தான். தார் போட்டிருக்க வேண்டும், பஸ் ஓட வேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை. பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், பத்து வருடம் யாரும் நடக்கவில்லை என்பதற்காக அது பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சர்வே எண்ணில் வண்டிப்பாதை, எந்த எண்ணில் நடைபாதை என்று தெரிந்துவிடும். புலப்படத்தை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். என் போன்ற கிழவனுக்கே முடிகிறது.

குவாரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது. சாலைக்கும் தனியே இடைவெளி விட வேண்டும். வரைபடத்தில் இருக்கிற வழியைக் கணக்கில் கொண்டுவந்தால் இடைவெளி கேட்கலாம். வழியே இல்லை என்று நாமே ஒத்துக்கொண்டால் எதற்கு இடைவெளி? பாதையை விட்டுக்கொடுப்பதோடு முடிவதில்லை, மலையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பாதை எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நான் கதை விடமாட்டேன். இன்னார் இந்தத் தெரு வழியாக வரக்கூடாது, இன்னார் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றிருந்த ஊர்கள்தான் இவை. அந்தக் கொடுமையை எதிர்த்துச் சட்டசபையில் எழுந்து நின்றவர் நம் பக்கத்து ஊர்க்காரர். இரட்டைமலை சீனிவாசன், மதுராந்தகத்துக்கு அருகில் கோழியாளத்தில் பிறந்தவர். பொதுச் சாலை, தெரு, கிணறு எதிலும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே வருடம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்தது, பெரியார் சிறைக்குப் போனார். நூறு வருடத்துக்கு முன்னால் வழிநடை உரிமைக்காக அவர்கள் பட்ட பாடு என்ன? இன்று ஒரு கம்பி வேலிக்கும் ஒரு டிப்பருக்கும் பயந்து அந்த உரிமையை நாம் சும்மா கொடுத்துவிடலாமா? எனவே பழையதை அப்படியே திருப்பிக் கேட்கவில்லை. காலனி வழியாகவும் ஊர்த்தெரு வழியாகவும் ஒரே பாதையாகப் போக வேண்டும், எல்லாரும் போக வேண்டும் என்று கேட்கிறேன்.

வெளிநாட்டிலும் இது சும்மா கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தைச் சில பணக்காரர்கள் தங்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு அதில் ஏறி நடந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. ஆனால் 1949-இல் சட்டம் வந்தது. எந்த ஊரில் எந்தப் பொதுவழி இருக்கிறது என்று உள்ளாட்சிகள் வரைபடம் போட்டே தீர வேண்டும் என்றாகிவிட்டது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நடைவழி பதிவில் இருக்கிறது. வயல் நடுவே போகும் வழியும் அதில் அடக்கம். நிலம் விவசாயியுடையது, வழி ஊருடையது. இரண்டுக்கும் சண்டை இல்லை. நம்மை ஆண்டவர்கள் நமக்கு ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் கொடுத்துவிட்டு, தங்கள் ஊரில் பாதைச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். நாம் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

இங்கும் நடையைப் பற்றி அரசு பேசாமல் இல்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. 2024-இல் வனத்துறை 40 மலையேற்ற வழிகளை அறிவித்து, இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து போகலாம் என்றது. அதுவும் இருக்கட்டும். ஆனால் நம் கதை வேறு. சர்க்கரைக்காக நடப்பவர் ஒருவர், பொழுதுபோக்குக்காக மலையேறுபவர் ஒருவர். அரும்புலியூரிலிருந்து பக்கத்து ஊருக்கு ரேஷன் வாங்கவோ, ஆடு மேய்க்கவோ, பள்ளிக்கூடத்துக்கோ நடக்கிறவர் எந்தத் திட்டத்தில் வருகிறார்? அவர்தான் அந்தப் பாதையின் முதல் சொந்தக்காரர். வெளியூர்க்காரர்கள் வந்து நடந்தால் சந்தோஷம். பழையசீவரத்தில் செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் நிற்கிறது. வரட்டும், நடக்கட்டும், நம் கடையில் டீ குடிக்கட்டும். அதற்காகப் பேவர் பிளாக் பதித்து, நுழைவு வளைவு கட்டி, செல்ஃபி பாயிண்ட் வைத்து, திறப்பு விழாவுக்கு மறுநாள் பூட்டிவிடும் வேலை வேண்டாம். மண் பாதை மண்ணாகவே இருக்கட்டும்.

இனி எதிர்ப்புகள். மூன்று பேர் கேட்பது நியாயமான கேள்விதான்.

விவசாயி கேட்பார்: "என் நிலத்துல கண்டவன் நடந்தா பயிர் என்னாகும்?" உங்கள் பட்டாவில் ஒரு அடி கூட யாரும் கேட்கவில்லை ஐயா. புறம்போக்கில் இருக்கும் வழியை மட்டும் அளந்து கல் நடச் சொல்கிறோம். கல் நட்டால் உங்கள் எல்லைக்கும் அது காவல்.

வனத்துறை கேட்கும்: "காட்டில் ஆளை விட்டால் தீ, குப்பை, வேட்டை." பயம் நியாயம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் காட்டுக்குள்ளே வேண்டாம், காட்டோரமாக என்கிறேன். கோடையில் மூடுங்கள். பொழுது சாய்ந்தபின் தடை போடுங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டோரத்தில்தான் இரவில் மரமும் கல்லும் களவு போகின்றன. தினமும் பத்துப் பேர் நடக்கும் வழியில் பத்துக் காவலாளிகள் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

குவாரியில் வேலை பார்ப்பவர் கேட்பார்: "எங்க பொழப்புல மண்ணப் போடுறீங்களா சார்?" என் மாணவனும் அதைத்தான் கேட்டான். இல்லையப்பா. நீ ஓட்டும் வண்டி ஒரு வழியில் போகட்டும், உன் பிள்ளை வேறு வழியில் நடக்கட்டும் என்கிறேன். நாளைக்கு மலை தீர்ந்தால் குவாரிக்காரர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். நீயும் உன் பிள்ளையும் இங்கேதான் இருப்பீர்கள், தண்ணி நிற்கும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு.

கோபம் மட்டும் இருந்தால் போதாது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில், இந்தச் சுற்றில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரே மாதிரி தீர்மானம் வைப்போம்.

1. நம் ஊர்ப் பாதைப் புறம்போக்குகளைச் சர்வே எண்ணோடு சபையில் வாசிக்க வேண்டும். வாசித்த பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

2. அவற்றை அளந்து கல் நட வேண்டும். பக்கத்து ஊர்ப் பாதையோடு எங்கே சேருகிறது என்று இரண்டு ஊரும் சேர்ந்து குறிக்க வேண்டும்.

3. முள் வெட்டுவதும் மண் போடுவதும் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலையில் சேர வேண்டும். தார், சிமென்ட் வேண்டாம்.

4. நடைவழி சாலையைத் தொடும் இடங்களில், பள்ளி விடும் நேரத்திலும் ஆரம்பிக்கும் நேரத்திலும் கனரக வண்டிக்குத் தடை வேண்டும்.

எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் இங்கே உட்கார்ந்து கோடு போடமாட்டேன். அந்தந்த ஊர்ப் பெரியவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் போடட்டும். அவர்களுக்குத்தான் தெரியும்.

நாம் உத்திரமேரூர்க்காரர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டைக் காட்டி "குடவோலை முறை கண்ட ஊர்" என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். 30 குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் போட்டு, கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது என்று விதி எழுதிய ஊர் இது. அந்த ஊர்க்காரனுக்குத் தன் ஊர்ப் பாதையின் சர்வே எண் தெரியாது என்றால், நான் சொல்லிக்கொடுத்த பாடம் வீண்.

வருகிற மாட்டுப் பொங்கலன்று நான் பழையசீவரம் மலையடிவாரத்தில் இருப்பேன். சாமி திருமுக்கூடல் போனபின் எல்லாரும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இந்த வருடம் கொஞ்சம் பேராவது பைக்கை விட்டுவிட்டு, பழைய வழியில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு தூரம் நடந்து பார்ப்போம். எங்கே வேலி மறிக்கிறதோ அங்கே நின்று சர்வே எண்ணை எழுதிக்கொள்வோம். சண்டை வேண்டாம், கோஷம் வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும்.

அந்த டிப்பர் ஓட்டும் மாணவனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.